வழிப்போக்கரின் உரிமை: கிரனாடாவின் ஃபுந்துக்கும் தமிழகத்தின் முசாபர்கானாவும்

ஒரு நகருக்குள் முதன்முறையாக நுழைகின்ற மனிதர் எவராயினும் அவர் உள்ளத்தில் எழும் முதல் கேள்வி, 'இன்றிரவு எங்கே தங்குவது?' என்பதே. அரண்மனையையும் கடைவீதியையும் அறிஞர்களின் அவைகளையும் பற்றி அவர் விசாரிப்பது அதற்குப் பின்னர்தான். எனினும் நாகரிகங்களின் வரலாற்றை எழுதியோர் அரண்மனைகளுக்கு அளித்த பக்கங்களில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தங்குமிடங்களுக்கு அளிக்கவில்லை. முஸ்லிம் ஸ்பெயினைப் பற்றித் தமிழில் வெளிவந்துள்ள எழுத்துகளுக்கும் இது பொருந்தும். குர்துபா பெரிய பள்ளிவாசலின் தூண்களையும் அல்ஹம்ராவின் சிங்க முற்றத்தையும் நாம் நன்கறிவோம். அந்நகரங்களுக்கு வந்து சேர்ந்த வணிகரும் மாணவரும் ஃபகீரும் எந்தக் கூரையின்கீழ் படுத்துறங்கினர் என்பதை அறிய நாம் முயன்றதில்லை.

நஸ்ரீ சுல்தான்களின் தலைநகராக விளங்கிய கிரனாடாவில் (அரபியில் கர்னாத்தா) ஒரு வழிப்போக்கருக்கு எத்தகைய தங்குமிடங்கள் இருந்தன, அவற்றுள் ஒன்றை அவர் எவ்வாறு தேர்ந்தார் என்பதையும், அதே காலத்தில் நம் தென்னகத்தில் நிலைமை எவ்வாறிருந்தது என்பதையும் ஒருங்கே நோக்குவது இக்கட்டுரையின் நோக்கம். தொடர்பற்றவை போலத் தோன்றும் இவ்விரு நிலங்களையும் இணைக்கும் பாலமாக ஒரு மனிதர் இருக்கிறார். மதுரையையும் கிரனாடாவையும் தம் கண்களால் கண்டு இரண்டையும் பற்றிக் கூறிச் சென்ற இப்னு பதூதாவே அவர்.

மார்க்கம் வகுத்த உரிமை

முஸ்லிம் நகரங்களில் தங்குமிடங்கள் பெருகியதற்கு வணிகம் ஒரு காரணம். ஆனால் வணிகத்திற்கு முன்பே மார்க்கம் அதற்கு அடித்தளமிட்டுவிட்டது. ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகுப்பினரை வரையறுக்கும் இறைவசனம் (9:60), அவர்களுள் ஒருவராக 'இப்னுஸ் ஸபீல்' எனப்படும் வழிப்போக்கரைக் குறிப்பிடுகிறது. தம் ஊரில் செல்வராக இருப்பினும், வழியில் கையிருப்பை இழந்துவிட்டவர் இவ்வுரிமையைப் பெறுகிறார். அவருடைய வறுமை இங்கே அளவுகோலாகக் கொள்ளப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஊரைவிட்டு விலகியிருத்தல் என்ற நிலையே அவருக்கு ஓர் உரிமையை ஈட்டித் தருகிறது.

பிறர் வீடுகளுக்குள் அனுமதியின்றி நுழைவதைத் தடுக்கும் அந்நூர் அத்தியாயம், எவரும் குடியிராத, ஆனால் உங்களுக்குப் பயன்தரும் கட்டடங்களுக்குள் நுழைவதில் குற்றமில்லை என்று ஒரு விலக்கையும் அளிக்கிறது (24:29). அக்கட்டடங்கள் யாவை என்ற வினாவுக்கு விடைகூற வந்த இமாம் குர்துபீ (ரஹ்), பயணிகள் செல்லும் பாதைகளில் அமைந்துள்ள ஃபுந்துக்குகளே அவை என முஹம்மத் இப்னுல் ஹனஃபிய்யா, கதாதா, முஜாஹித் (ரஹ்) ஆகியோர் கூறியதாகப் பதிவு செய்கிறார். எவருக்கும் சொந்தக் குடியிருப்பாக இராமல், வழிப்போக்கர் எவரும் ஒதுங்குவதற்கென வக்ஃப் செய்யப்பட்டவை அவை என்பது முஜாஹிதின் விளக்கம். இதனை எழுதிய இமாமின் வாழ்வையும் நாம் எண்ணிப் பார்க்கலாம். கி.பி. 1236இல் குர்துபா காஸ்டீலிய மன்னரின் வசமானபின் அவர் தம் தாயகத்தை நீங்கி எகிப்தில் குடியேறி, ஹிஜ்ரி 671இல் (கி.பி. 1273) அங்கேயே மறைந்தவர். வழிப்போக்கரின் உரிமை அவருக்கு ஏட்டில் மட்டும் கண்ட சட்டமாக இருந்திருக்காது.

ஆட்சியாளர்களும் இதனைத் தம் கடமையாகவே கருதினர். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மாவும் பேரீச்சம்பழமும் உலர்திராட்சையும் சேமித்த கிடங்குகளை ஏற்படுத்தி, வழியில் தவித்தோருக்கு உதவினார்கள் என்று இப்னு ஸஅத் குறிப்பிடுகிறார். கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) சமர்கந்துப் பகுதியின் ஆளுநருக்கு அனுப்பிய ஆணையைத் தபரீ தம் வரலாற்றில் பாதுகாத்து வைத்துள்ளார். உம் நிலப்பகுதியில் கான்களைக் கட்டும். அவ்வழியே செல்வோரை ஒரு பகலும் ஓர் இரவும் தங்கவையும். அவர்களின் விலங்குகளையும் பேணும். நோயுற்றவராயின் இரண்டு நாட்கள் தங்கவையும். பொருளிழந்தவராயின் ஊர் சென்று சேரும் அளவிற்குக் கொடுத்தனுப்பும் என்பதே அதன் சாரம். ஓர் அரசின் விடுதி விதிகளாக இன்றும் இவற்றை எடுத்தாளலாம்.

சொல்லும் கட்டடமும்

'ஃபுந்துக்' என்ற சொல் பிறப்பால் அரபுச் சொல்லன்று. எல்லாரையும் ஏற்கும் இடம் என்று பொருள்படும் ஒரு கிரேக்கச் சொல்லிலிருந்து அது வந்தது. அரபு மொழி அதனை ஏற்றுத் தன்னதாக்கி, மத்தியதரைக் கடலின் கரைகள்தோறும் கொண்டு சேர்த்தது. ஸ்பானிய மொழியின் 'ஃபோண்டா', 'அல்ஓந்திகா' ஆகியனவும், இத்தாலிய மொழியின் 'ஃபோந்தாக்கோ'வும் அச்சொல்லின் வழித்தோன்றல்களே. வெனிஸ் நகரில் உஸ்மானிய முஸ்லிம் வணிகருக்கென 1621இல் ஒதுக்கப்பட்ட மாளிகைக்கும் 'துருக்கியரின் ஃபோந்தாக்கோ' என்ற பெயரே நிலைத்தது.

அந்தலுஸில் இவ்விடுதிகள் எத்துணை மிகுந்திருந்தன என்பதற்கு நிலவியலறிஞர் அல்இத்ரீஸீ சான்று தருகிறார். கி.பி. 1154இல் தம் பெருநூலை நிறைவு செய்த அவர், துறைமுக நகரமான அல்மரிய்யாவில் வரிப்பதிவேட்டில் ஏறிய ஃபுந்துக்குகள் ஆயிரத்திற்கு முப்பது குறைவு, அதாவது 970 என்று எழுதுகிறார். ஏறத்தாழ அதே நூற்றாண்டின் தொடக்கத்தில் இஷ்பீலியாவில், அதாவது செவில் நகரில், சந்தை ஒழுங்குகளைத் தொகுத்த இப்னு அப்தூன், வணிகரும் அந்நியரும் தங்கும் ஃபுந்துக்குகளைப் பெண்கள் நிர்வகிக்கலாகாது என்று ஒரு விதியை எழுதி வைத்தார். தடை விதிக்க வேண்டிய அளவிற்கு அவ்வழக்கம் அந்நகரில் இருந்தது என்பதை அவ்விதியிலிருந்தே நாம் ஊகிக்கலாம்.

கிரனாடாவின் ஃபுந்துக்குகளுள் ஒன்று இன்றும் நிற்கிறது. 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுப்பப்பட்ட அதன் பழைய பெயர் 'அல்ஃபுந்துக் அல்ஜதீத்', அதாவது புதிய விடுதி. ஸ்பெயின் முழுவதிலும் நஸ்ரீ காலத்து விடுதிகளுள் ஏறக்குறைய முழுமையாக எஞ்சியிருப்பது இஃதொன்றே. அது அமைந்த இடமே அதன் பயனைச் சொல்லும். தர்ரோ ஆற்றின் ஒரு கரையில் விடுதி. மறுகரையில் பட்டுக்கடைகள் நிறைந்த அல்கைஸரிய்யா. அதனையடுத்துப் பெரிய பள்ளிவாசல். இவற்றை இணைக்க ஒரு பாலம் இருந்தது. வணிகர் காலையில் சரக்கோடு பாலத்தைக் கடந்து கடைவீதிக்குச் சென்று, தொழுகை நேரத்தில் பள்ளிவாசலை அடைந்து, மாலையில் விடுதிக்குத் திரும்பலாம்.

லாடவடிவ வளைவு கொண்ட உயர்ந்த வாயில். அதன்மேல் கூஃபி எழுத்தில் இக்லாஸ் அத்தியாயம். உள்ளே நுழைந்தால் தேன்கூட்டு வேலைப்பாடமைந்த விதானம். அதையும் கடந்தால் நடுவில் நீர்த்தொட்டியுடன் கூடிய சதுர முற்றம். முற்றத்தைச் சுற்றி மூன்று தளங்கள். கீழ்த்தளம் சரக்குகளுக்கும் விலங்குகளுக்கும், மேல்தளங்களின் சிற்றறைகள் மனிதர்களுக்கும் உரியவை. தெருவை நோக்கிய வாயில் ஒன்றேயாதலால், அதைப் பூட்டிவிட்டால் உள்ளிருக்கும் பொருளும் உயிரும் காவலுக்குள் வந்துவிடும். அக்காலப் பயணியின் பெரிய அச்சம் கள்வரே. அவருக்கு வேண்டிய முதல் வசதி ஒரு வலிய கதவுதான் என்பதை அக்கட்டடக் கலைஞர் நன்கறிந்திருந்தார்.

மூன்று வாசல்கள்

ஆயினும் அந்நகரங்களுக்கு வந்த எல்லாரும் ஃபுந்துக்கையே நாடவில்லை. அக்காலப் பயணிக்கு மூன்று வாசல்கள் திறந்திருந்தன. முதலாவது, கூலி கொடுத்துத் தங்கும் ஃபுந்துக். இரண்டாவது, ஊரார் ஒருவரின் இல்லம். மூன்றாவது, சூஃபிகளின் ஸாவியா அல்லது ரிபாத். ஒவ்வொன்றிற்கும் ஒரு பயனும் உண்டு, ஒரு விலையும் உண்டு. ஃபுந்துக்கில் தங்குபவர் எவருக்கும் கடமைப்பட்டவரல்லர். ஆனால் நகருக்கு அந்நியராகவே இருந்து நீங்குவார். இல்லத்தில் தங்குபவர் நகரை உள்ளிருந்து அறிவார். ஆனால் விருந்தோம்புபவரின் வசதிக்குக் கட்டுப்பட்டவர். விருந்தோம்பல் மூன்று நாட்கள், அதற்கு மேற்பட்டது தர்மம் என்றும், விருந்தளிப்பவரைச் சங்கடப்படுத்தும் அளவிற்குத் தங்கலாகாது என்றும் நபி (ஸல்) அவர்கள் வரையறுத்தது இதனால்தான். ஸாவியாவில் தங்குபவருக்கு உணவும் இடமும் இலவசம். ஆனால் அவ்விடத்தின் ஒழுங்கை அவர் ஏற்றாக வேண்டும்.

இப்னு ஜுபைர் பெரும்பாலும் முதல் வாசலைத் தேர்ந்தவர். வலென்சியாவில் பிறந்து, கிரனாடாவின் ஆளுநரிடம் எழுத்தராகப் பணியாற்றிய அவர், ஹிஜ்ரி 578 ஷவ்வாலில் (கி.பி. 1183 பிப்ரவரி) அந்நகரிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். எந்த ஊரில் எங்கே தங்கினார் என்பதைத் தவறாமல் குறித்துவைப்பது அவர் வழக்கம். இஸ்கந்தரிய்யாவில் செம்புப் பாத்திரக்காரர்களின் ஃபுந்துக். மிஸ்ரில் அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) பள்ளிவாசலுக்கு அருகே விளக்குகளின் சந்தில் உள்ள ஒரு ஃபுந்துக்கின் வாயிலையடுத்த பெரிய அறை. சிலுவைப்போராளிகளின் ஆட்சியிலிருந்த அக்காவிலோ, கடலை நோக்கிய ஒரு வீட்டைக் கிறிஸ்தவப் பெண் ஒருவரிடம் வாடகைக்கு எடுத்துத் தங்கினார். போர் நடந்துகொண்டிருந்த காலத்திலும் ஒரு முஸ்லிம் பயணிக்குக் கிறிஸ்தவ இல்லத்தில் அறை கிடைத்தது என்ற இச்செய்தி, போர்களை மட்டுமே எழுதும் வரலாற்று நூல்களில் காணக் கிடைக்காதது. இஸ்கந்தரிய்யாவில் தொலைதூரங்களிலிருந்து வரும் அந்நியருக்கென ஸலாஹுத்தீன் அய்யூபி ஏற்படுத்திய தங்குமிடங்களையும் குளியலறைகளையும் மருத்துவமனையையும் அவர் வியந்து போற்றுகிறார்.

இப்னு பதூதா கிரனாடாவை அடைந்தது கி.பி. 1350இல். இந்தியாவையும் சீனாவையும் கண்டு திரும்பிய பெரும் பயணி அவர். சுல்தான் முதலாம் யூசுஃப் நோயுற்றிருந்தமையால் அவரைச் சந்திக்க இயலவில்லை. சுல்தானின் தாயார் பொற்காசுகளை அனுப்பி உதவினார். இப்னு பதூதா மூன்றாம் வாசலைத் தேர்ந்தார். நகருக்கு வெளியே இப்னுல் மஹ்ரூக் குடும்பத்தைச் சேர்ந்த சூஃபிப் பெரியாரின் ஸாவியாவில் சில நாட்கள் தங்கி, அவருடன் கழுகு மலையிலிருந்த தவப்பள்ளிக்கும் சென்று வந்தார். அந்நகரின் தோட்டம் ஒன்றில்தான் இளம் எழுத்தர் இப்னு ஜுஸய்யும் அவரைச் சந்தித்து, அவர் சொன்ன பயணக் கதைகளைச் செவிமடுத்தார். பின்னாளில் ஃபாஸ் நகரில் அப்பயணங்களை நூலாக வடித்துத் தந்தவர் இதே இப்னு ஜுஸய். பூட்டிய அறைக்குள் தனித்திருந்த பயணியாக இப்னு பதூதா அந்நகரைக் கழித்திருந்தால் இச்சந்திப்பு நிகழ்ந்திருக்குமா என்பது ஐயமே.

அவர் தரும் இன்னொரு குறிப்பு நமக்கு உரியது. தம் தாயகத்தை ஒத்திருந்தமையால் கிரனாடாவிலேயே தங்கிவிட்ட அயல்நாட்டு ஃபகீர்களை அவர் எண்ணிச் சொல்கிறார்: ஒருவர் சமர்கந்தி, ஒருவர் தப்ரீஸி, ஒருவர் கூனவி, ஒருவர் குராசானி, இருவர் ஹிந்திகள். 14ஆம் நூற்றாண்டின் நடுவில், ஐரோப்பாவின் மேற்கு மூலையில், இரண்டு இந்தியர் கூரையும் உணவும் பெற்று வாழ்ந்திருக்கின்றனர். அவர்கள் இந்தியாவின் எப்பகுதியினர் என்பதைக் கூறாது விட்டாலும், அவர்களை அங்கே நிலைகொள்ளச் செய்தது எது என்பது தெளிவு. அந்நியரை ஏற்பதற்கென்றே அமைந்த இடங்கள் சமர்கந்திலிருந்து கிரனாடா வரை ஒரு சங்கிலிபோலத் தொடர்ந்திருந்தன.

மலபாரும் மஅபரும்

இந்தச் சங்கிலியின் தென்கோடிக் கண்ணிகள் நம் கரைகளில் இருந்தன. 1340களில் மலபார்க் கரையோரம் பயணம் செய்த இப்னு பதூதா, சாலையில் அரை மைலுக்கு ஒன்றாக மரத்தாலான மண்டபம் இருந்ததையும், அதன் திண்ணைகளில் எல்லா மதத்தினரும் அமர்ந்து இளைப்பாறியதையும், அருகிலிருந்த கிணற்றில் நீர் வழங்க ஒருவர் நியமிக்கப்பட்டிருந்ததையும் வியக்கிறார். அதே மூச்சில், முஸ்லிம்களுக்குப் பாத்திரத்தில் நீர் தராமல் கைகளில் ஊற்றியதையும், அந்நாட்டார் தம் இல்லங்களுக்குள் முஸ்லிம்களை அனுமதிக்காததையும் மறைக்காமல் கூறுகிறார். ஆனால் தங்கும் ஊர்கள்தோறும் முஸ்லிம்களின் வீடுகள் இருந்தன, பயணிகள் அங்கே தங்கினர், வேண்டியதை வாங்கினர், சமைத்த உணவும் பெற்றனர். அவ்வீடுகள் இல்லையேல் எந்த முஸ்லிமும் அந்நாட்டில் பயணம் செய்திருக்க இயலாது என்பது அவர் முடிவு. கடற்கரை முஸ்லிம் ஊர்களின் வரலாற்றை எழுதுவோர் கப்பலையும் முத்தையும் மிளகையும் பற்றி எழுதுவர். இந்த வீடுகளைப் பற்றியும் ஓர் அத்தியாயம் எழுத வேண்டும்.

அரபியர் 'மஅபர்' என்றழைத்த நம் சோழ, பாண்டியக் கரைக்கு அவர் 1344 அளவில் இலங்கையிலிருந்து வந்தார். வந்த கப்பல் கரைக்கருகில் புயலில் உடைந்தது. இரவெல்லாம் உடைந்த கலத்திலேயே கழித்த அவரைக் கரையேற்றியவர்கள் உள்ளூர் மக்கள். மதுரை சுல்தான் கியாஸுத்தீன் அப்போது ஒரு படைமுகாமில் இருந்தார். இப்னு பதூதாவின் மனைவியருள் ஒருவர் சுல்தானின் மனைவிக்கு உடன்பிறந்தவர். ஆகவே மரியாதையுடன் அழைத்துச் செல்லப்பட்டு, முகாமில் கூடாரங்கள் அவருக்கு வழங்கப்பட்டன. தோல் காலுறை அணியாமல் சுல்தான் முன் செல்லக்கூடாது என்பது அங்கே வழக்கம். அவரிடம் அது இல்லை. முஸ்லிம்கள் பலர் சூழ்ந்திருக்க, முஸ்லிமல்லாத ஒருவரே தம்முடையதைக் கொடுத்துதவினார் என்பதை அவர் வியப்புடன் பதிவு செய்திருக்கிறார். விருந்தோம்பலை எந்தச் சமயமும் தனியுரிமையாகக் கொள்ள முடியாது என்பதற்கு நம் மண்ணிலேயே கிடைத்த சான்று இது.

சத்திரம், சராய், முசாபரி பங்களா

அந்நியர் எங்கே தங்குவது என்ற வினா தமிழ் இலக்கியத்திற்கும் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் மதுரையின் புறஞ்சேரியை அடைந்த கோவலனும் கண்ணகியும் எங்கே தங்குவது என்பது கதையின் ஒரு முடிச்சாகவே வருகிறது. துறவோர் வாழும் இடம் இல்லறத்தாருக்குப் பொருந்தாது என்பதால், கவுந்தியடிகள் ஆயர்குல மூதாட்டி மாதரியிடம் கண்ணகியை அடைக்கலமாக ஒப்படைக்கிறார். ஸாவியாவுக்கும் இல்லத்துக்கும் இடையேயான அதே தேர்வு இங்கும் நிகழ்கிறது.

பின்னாளில் அரசர்களும் வணிகர்களும் சாலைதோறும் சத்திரங்களை எழுப்பினர். தஞ்சையிலிருந்து இராமேசுவரம் செல்லும் வழியெங்கும் மராட்டிய மன்னர்கள் நிறுவிய சத்திரங்கள் புகழ்பெற்றவை. இரண்டாம் சரபோஜி மன்னர் 1801இல் ஆங்கில ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில், அச்சத்திரங்களில் சாதி வேறுபாடின்றி எல்லா வழிப்போக்கருக்கும் உணவளிக்கப்படுவதை விவரிக்கும்போது, யோகிகளோடும் ஜங்கமர்களோடும் ஃபகீர்களையும் சேர்த்தே குறிப்பிடுகிறார். இதே மரபைச் சேர்ந்த பிரதாபசிங் மன்னரே நாகூர் தர்காவின் உயர்ந்த மினாராவைக் கட்டியவர் என்பதும் நினைவுகூரத்தக்கது.

சிறிய ஊர்களின் பெயர்களிலும் இவ்வரலாறு படிந்துள்ளது. 'பேட்டை' என்பது நகரின் புறத்தே வணிகர் கூடும் சந்தையிடத்தைக் குறிக்கும் சொல். விருத்தாசலத்திற்கும் உளுந்தூர்ப்பேட்டைக்கும் இடையே சாலையோரம் அமைந்த மங்கலம்பேட்டையும், அச்சாலையின் மறுமுனையும் அச்சொல்லையே தாங்கி நிற்கின்றன. ஆங்கிலேயர் சாலைகள்தோறும் கட்டிய பயணியர் விடுதியைத் தமிழ் மக்கள் 'முசாபரி பங்களா' என்றனர். 'முஸாஃபிர்' என்ற அரபுச் சொல், உருது வழியே வந்து, முஸ்லிமல்லாதாரின் நாவிலும் இயல்பாகப் புழங்கியது. ஸ்பானியர் 'ஃபோண்டா'வைக் காத்ததுபோல் தமிழர் 'முசாபரி'யைக் காத்தனர்.

இருப்புப்பாதை வந்தபின் தங்குமிடங்கள் நிலையங்களை நோக்கி நகர்ந்தன. சென்னை சென்ட்ரல் நிலையத்தை அடுத்து சர் இராமசாமி முதலியாரின் சத்திரம் எழுந்தது. அதே வட்டாரத்தில் மேல்விஷாரம் நவாப் சி. அப்துல் ஹக்கீம் (1863-1938) அவர்களின் கொடையால் சித்தீக் சராய் உருவாயிற்று. கப்பலில் ஹஜ்ஜுக்குச் சென்ற தலைமுறையினருக்கு மும்பையின் சாபூ சித்தீக் முசாபர்கானா நன்கறிந்த பெயர். 1995இல் கப்பல் பயணம் நிற்கும்வரை அப்பகுதி ஹாஜிகளின் நடமாட்டத்தால் நிறைந்திருந்தது. இவற்றை நிறுவியோரின் நோக்கம் ஒன்றே. அந்நகரில் உற்றார் எவரும் இல்லாதவருக்கு, அந்நகரே உறவினர் ஆக வேண்டும்.

கதவு நின்றது, பயன் போயிற்று

மீண்டும் கிரனாடாவின் புதிய விடுதிக்கு வருவோம். 1492 ஜனவரி 2ஆம் நாள் நகரம் ஒப்படைக்கப்பட்டது. முஸ்லிம்களின் சமயத்திற்கும் சொத்துகளுக்கும் பாதுகாப்பளித்த உடன்படிக்கை பத்தாண்டுகளுக்குள் முறிக்கப்பட்டது. கட்டாய மதமாற்றமும், பின்னர் 1609 முதல் 1614 வரை ஸ்பெயின் முழுவதிலும் நாடுகடத்தலும் நிகழ்ந்தன. விடுதியை எவரும் இடிக்கவில்லை. கரி வணிகர் அதில் தங்கினர். கரி அங்கே நிறுக்கப்பட்டது. 'கரி முற்றம்' என்று பொருள்படும் 'கொரல் தெல் கர்போன்' என்ற பெயர் நிலைத்தது. 16ஆம் நூற்றாண்டில் அம்முற்றம் நாடகம் நடிக்கும் அரங்காயிற்று. பின்னர் ஏழைக் குடும்பங்கள் நெருங்கி வாழும் குடியிருப்பாயிற்று. 1918இல் அது தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டு, அதன்பின் கட்டடக்கலை அறிஞர் தோரஸ் பல்பாஸின் மேற்பார்வையில் புதுப்பிக்கப்பட்டது. வாயிலின்மேல் இக்லாஸ் அத்தியாயம் இருக்கிறது. உள்ளே இரவில் தங்குவார் எவருமில்லை.

அதேவேளை அல்ஹம்ராவின் மதிலுக்குள், நஸ்ரீ மாளிகை ஒன்றின்மேல் எழுப்பப்பட்ட பிரான்சிஸ்கன் துறவியர் மடம், 1945 முதல் அரசின் உயர்தர விடுதியாக இயங்கி வருகிறது. முஸ்லிம்கள் அடர்ந்து வாழ்ந்த அல்பைஸீன் குன்றை 1994இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களோடு சேர்த்தது. அதன் பழைய வீடுகள் பல சுற்றுலாப் பயணிகளின் தங்குமிடங்களாகியுள்ளன. 2003 ஜூலையில் அக்குன்றின்மேல் ஒரு புதிய பள்ளிவாசலும் திறக்கப்பட்டது. ஆகவே இன்று கிரனாடா செல்லும் முஸ்லிம் பயணிக்குத் தங்க இடம் இல்லாமல் போவதில்லை. ஆனால் பணம் உள்ளவருக்கே அது உண்டு. அங்கே முற்றிலும் மறைந்துபோனது கட்டடமன்று. கையில் காசில்லாத வழிப்போக்கருக்கும் அந்நகரில் ஓர் உரிமை உண்டு என்ற ஏற்பாடே. அதனைத் தாங்கி நின்ற வக்ஃபுகள் கலைந்ததும் அவ்வுரிமையும் கலைந்தது.

நம் முன்னுள்ள கடமை

கிரனாடாவில் பிறர் வந்து செய்ததை, நாம் நம் கைகளாலேயே செய்துகொள்ளும் நிலை உண்டாகக் கூடாது. முசாபர்கானா என்று பெயர்ப்பலகை தாங்கிய கட்டடம் முழுவதும் கடைகளாகவும் கிடங்குகளாகவும் மாறி, வாடகை மட்டும் கணக்கில் ஏறிக்கொண்டிருக்குமானால், அது நம் காலத்துக் 'கரி முற்றம்' ஆகும். வக்ஃப் செய்தவரின் நிபந்தனை ஷரீஅத்தின் வாசகத்தைப் போன்றது என்பது ஃபிக்ஹ் அறிஞர்களின் புகழ்பெற்ற விதி. மக்காவில் ஹைதராபாத் நிஜாமின் ரிபாத்தில் அவருடைய முன்னாள் ஆட்சிப்பகுதிகளைச் சேர்ந்த ஹாஜிகளே இன்றும் குலுக்கல் முறையில் தங்கவைக்கப்படுகின்றனர். நிபந்தனையைக் காப்பது இயலாததன்று என்பதற்கு இஃதே சான்று. வக்ஃபின் பயன் அற்றுப்போன நிலையில் அதனை மாற்றிக்கொள்ளும் 'இஸ்திப்தால்' முறைக்கு ஹனஃபீ மத்ஹபில் நிபந்தனைகளுடன் இடமுண்டு; ஷாஃபிஈ மத்ஹபில் அது மேலும் இறுக்கமானது. பயன் அற்றுப்போகவில்லையெனில் வாடகை வருமானம் ஒரு காரணமாகாது என்பதே அறிஞர் பெரும்பாலோரின் கருத்து.

வழிப்போக்கரின் தேவை இன்று அற்றுப்போயிற்றா? ஒட்டகமும் கழுதையும் போயின. ஆனால் வழிப்போக்கர் இருக்கிறார். தேர்வெழுதவும் நேர்முகத்திற்காகவும் முதன்முறையாகச் சென்னைக்கு வரும் மாணவி. அரசு மருத்துவமனையில் கணவரைச் சேர்த்துவிட்டு நடைபாதையில் படுத்திருக்கும் பெண். விமானம் ஏறுவதற்கு முதல்நாள் வந்து சேரும் உம்ராப் பயணிகள். வேலை தேடி வடமாநிலங்களிலிருந்து வரும் தொழிலாளர்கள். இவர்கள் எல்லாரும் இப்னுஸ் ஸபீல் என்ற சொல்லின் நிழலுக்குள் வரக்கூடியவர்களே. குறிப்பாகத் தனியே பயணம் செய்ய நேரும் பெண்களுக்கென நம் முசாபர்கானாக்களில் ஒரு தளமேனும் ஒதுக்கப்பட்டுள்ளதா என்று ஜமாஅத்தார் தம்மைத் தாமே வினவ வேண்டும். கண்ணகியை எங்கே தங்கவைப்பது என்று கவுந்தியடிகள் கொண்ட கவலை நமக்கும் உரியது.

சட்டத்தின் பக்கமும் விழிப்புத் தேவை. 1995ஆம் ஆண்டின் வக்ஃப் சட்டத்தைத் திருத்தி 2025இல் நிறைவேற்றப்பட்ட சட்டம், நெடுங்காலப் பயன்பாட்டை மட்டுமே ஆதாரமாகக் கொண்டு ஒரு சொத்தை வக்ஃபாகக் கருதும் முறையை இனிவரும் காலத்திற்கு நீக்கியது. அத்திருத்தத்தை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தின்முன் சென்றன. வழக்குகளின் போக்கு எவ்வாறாயினும், பழைய முசாபர்கானாக்களின் வக்ஃப் பத்திரங்களைத் தேடியெடுத்து, படியெடுத்து, அவற்றில் வாகிஃப் எழுதிவைத்த நோக்கத்தை ஊரறியச் செய்வது முத்தவல்லிகளின் உடனடிக் கடமை. தமிழிலும் பாரசீகத்திலும் உருதுவிலும் அரபியிலும் எழுதப்பட்ட அப்பத்திரங்களைப் படித்துச் சொல்லும் பணியை அரபுக் கல்லூரிகள் ஏற்கலாம். மாணவர்களுக்கு அதைவிடச் சிறந்த ஃபிக்ஹ் பயிற்சி வேறில்லை.

இரண்டாவது, இவ்விடங்களின் கதவு எவருக்குத் திறக்கும் என்பது. முஸ்லிம் பெயரைக் கேட்டதும் வாடகைக்கு வீடு இல்லையென்று சொல்லும் கசப்பு நம் நாட்டின் பெருநகரங்களில் பலரும் அறிந்ததே. அதற்கு விடையாக நாமும் கதவுகளைச் சாத்திக்கொள்வது நம் மரபாகாது. வாகிஃபின் நிபந்தனை இடம் தருமிடத்து, எச்சமயத்தைச் சார்ந்த வழிப்போக்கருக்கும் ஓர் இரவுக்கு இடமளிப்பது, சரபோஜியின் சத்திரத்தில் உண்ட ஃபகீருக்காகவும், மஅபர்க் கரையில் இப்னு பதூதாவுக்குக் காலுறை தந்த அந்தப் பெயர் தெரியாத மனிதருக்காகவும் நாம் செலுத்தும் நன்றிக்கடன்.

ஒரு சமுதாயம் தன் செல்வத்தைக் காட்டிக்கொள்ளப் பல கட்டடங்களை எழுப்பலாம். அது தன் ஈமானைக் காட்டிக்கொள்ளும் கட்டடம், உற்றாரும் ஊராரும் இல்லாத ஒருவர் இரவில் வந்து தட்டினால் திறக்கின்ற கட்டடமே. அத்தகைய கட்டடங்களை நம் முன்னோர் நமக்கு விட்டுச் சென்றுள்ளனர். அவற்றின் திறவுகோல்கள் இன்னும் நம் கைகளில்தான் இருக்கின்றன.